மூடுபனிக் கணக்கு: ஒரு கணினி இதழும் அதை எண்ணிப் பார்த்தவர்களும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் முன்பு படித்த ஒருவர் பொட்டிபுரத்துக்கு வீடு தேடி வந்தார். இப்போது முனைவர் பட்டத்துக்குப் பதிந்து நாலாவது வருஷம். கையில் பதினோரு பக்கம் அச்சடித்த கட்டுரை.

"சார், ரெண்டு எடத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன தப்புன்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க ஒருக்கா பாருங்க சார்."

ஏலச்செடியின் இலையைப் படம் பிடித்துக் கொடுத்தால், அதில் இருப்பது செந்தாளா, கட்டே நோயா, ஒன்றுமில்லாத நல்ல இலையா என்று கணினி சொல்ல வேண்டும். அதுதான் ஆய்வு. படங்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவில்லை. விடிகாலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்பில் இவரும் ஏறிப்போய், ரெண்டு சீசன் அலைந்து, செல்போனில் எடுத்த படங்கள். எந்தப் படம் எந்த உயரத்தில், எந்த மாசம், வெயிலா நிழலா என்று ஒரு நோட்டில் கையால் எழுதியும் வைத்திருக்கிறார். அந்த நோட்டைப் பார்த்ததுமே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

கட்டுரையைத் திறந்தால் முதல் பத்தியிலேயே 'ஹேஸ் ஃபிகரிங்' என்று இருந்தது. போடிமெட்டில் மூடுபனி இறங்கினால் படம் தெளிவாக வராது, அந்தப் பனியைத்தான் ஏதோ கணக்குப் போட்டுக் கழிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டே ரெண்டு பக்கம் படித்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில்தான் உறைத்தது. அவர் சொல்ல வந்தது 'கிளவுட் கம்ப்யூட்டிங்'. மேகக் கணிமை மூடுபனிக் கணக்காகிவிட்டது. 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்ற வகைப்படுத்தும் முறை 'இர்ரெகுலர் டிம்பர்லேண்ட்' ஆகியிருந்தது. தமிழில் சொன்னால், தாறுமாறான மரக்காடு.

"யாருப்பா இது எழுதினது?"

"நான்தான் சார் எழுதினேன். அப்புறம் ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு வார்த்தைய மாத்தினேன். சிமிலாரிட்டி பத்து சதவீதத்துக்குள்ள வரணும்ல?"

இந்த மாதிரி சிதைந்த சொற்களை வைத்து ஒரு கணினி ஆய்விதழையே தோண்டித் துருவிய கட்டுரை ஒன்று உண்டு. 2021 ஜூலையில் ஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பாக வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: துலூஸ் நகரத்தின் கியோம் கபனாக், கிரெனோபிளின் சிரில் லாபே, அப்போது மாஸ்கோவில் இருந்த அலெக்சாந்தர் மாகசினோவ். இந்தச் சொற்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள்'. அது வந்தபோதே படித்துச் சிரித்தவன் நான். இந்தத் தடவை அந்தப் பையன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது திரும்பப் படித்தேன். சிரிப்பு அவ்வளவாக வரவில்லை. அந்தக் கட்டுரையைப் பற்றியும், பொதுவாக ஆய்விதழ்களை எண்ணி எழுதப்படும் கட்டுரைகளைப் பற்றியும் எனக்குத் தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடலாம். நல்லது நிறையவே இருக்கிறது.

அவர்கள் கையில் எடுத்த இதழ் 'மைக்ரோபிராசசர்ஸ் அண்ட் மைக்ரோசிஸ்டம்ஸ்'. எல்சேவியர் வெளியிடுவது, சில்லு வடிவமைப்பு, கருவிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்னக் கணினிகள் பற்றிய இதழ். தெருவில் போகிறவர் காசு வாங்கிக்கொண்டு நடத்தும் இதழ் இல்லை. அதில் 'செயற்கை நுண்ணறிவு' என்பதற்குப் பதிலாகப் 'போலிப் பிரக்ஞை' என்றும், 'பிக் டேட்டா'வுக்குப் பதிலாகப் 'பிரமாண்டத் தகவல்' என்றும் அச்சாகியிருந்தது. எறும்புப் புற்றைப் பார்த்து உருவாக்கிய 'ஆன்ட் காலனி' முறை பூமிக்கடியில் வாழும் ஏதோ ஒரு பூச்சியின் ராஜ்ஜியமாக மாறியிருந்தது. 'சிக்னல்' என்பது கொடியாகவும் 'நாய்ஸ்' என்பது சந்தடியாகவும் ஆகி, கொடிக்கும் சந்தடிக்கும் உள்ள விகிதம் என்று ஒரு அளவை உருவாகியிருந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் உண்மையில் படித்திருந்தால் இதில் ஒன்றுகூடத் தாண்டியிருக்காது. ஆக, யாரும் படிக்கவில்லை. மூவரும் ஆரம்பித்த இடம் இதுதான். எண்ணுவதற்கு முன்னாடி படித்தார்கள்.

அதன்பிறகுதான் எண்ணப் போனார்கள். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் பொடி எழுத்தில் ரெண்டு தேதி இருக்கும்: வந்து சேர்ந்த நாள், ஏற்கப்பட்ட நாள். நம்மில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. 2018 முதல் 2021 வரை வந்த கட்டுரைகளில் அந்தத் தேதிகளைக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். முப்பது நாளுக்குள் ஏற்கப்பட்டவை 404. அதில் 394-இன் ஆசிரியர்கள் சீனாவில் உள்ள நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள், அதாவது 97.5 சதவீதம். நாற்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்ட கட்டுரைகளைப் பார்த்தால் அதே பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே. ஒரே இதழுக்குள் ரெண்டு வாசல் இருந்திருக்கிறது. ஒரு வாசலில் வரிசை, இன்னொரு வாசலில் வரிசையே இல்லை. அந்த ரெண்டாவது வாசலின் பெயர் 'சிறப்பிதழ்'. வெளியிலிருந்து ஒரு விருந்தினர் ஆசிரியர் வருவார், ஒரு தலைப்பைச் சொல்வார், கட்டுரைகளை அவரே வாங்கி அவரே முடிவு செய்வார். எல்சேவியர் பின்னால் நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீது 'கவலைக் குறிப்பு' போட்டது. ஆசிரியர் குழுவின் மென்பொருளில் ஏற்பட்ட ஒரு அமைவுப் பிழையால், ஏற்கப்பட்ட கட்டுரைகள் கடைசி ஒப்புதலுக்குத் தலைமை ஆசிரியரிடம் போகவே இல்லை என்று விளக்கமும் சொன்னது.

சீனாவைப் பார்த்து நாம் சிரிக்க எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாசம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பூஷண் பட்வர்தனும் சகாக்களும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில், அந்தப் பட்டியலுக்குப் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களில் மாதிரி எடுத்துப் பார்த்ததில் 88 சதவீதம் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பரிந்துரைத்தவை நம் பல்கலைக்கழகங்கள். பிறகு 2019-இல் 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

இப்போது அந்த முப்பது நாள் கணக்குக்கு வருகிறேன். அதில் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது.

எங்கள் ஊர் பெயர் வெளியே தெரிந்ததற்குக் காரணம் நியூட்ரினோ. அம்பரப்பர் மலையைக் குடைந்து ஏறத்தாழ ரெண்டு கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, ஐம்பதாயிரம் டன் காந்த இரும்பை உள்ளே வைப்பதாகத் திட்டம். அதன் மூதாதை கோலார் தங்கவயல். அங்கே பூமிக்கு 2.3 கிலோமீட்டர் கீழே, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை 1965-இல் பிடித்தார்கள். டாடா ஆராய்ச்சி நிலையத்தின் மேனன், ஸ்ரீகண்டன் முதலானவர்களோடு ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆட்களும் சேர்ந்த குழு. அதே சமயம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவும் இதையே தேடிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தது அவர்கள்தான், பிப்ரவரியில். ஆனால் கோலார் கட்டுரை இதழுக்குப் போய்ச் சேர்ந்தது ஜூலை 12. ரைன்ஸ் கட்டுரை ஜூலை 26. அச்சில் வந்ததும் ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 30 என்று அதே பதினைந்து நாள் இடைவெளியில். பார்த்ததில் அவர்கள் முந்தி, அச்சில் இவர்கள் முந்தி என்று இன்றைக்கும் ரெண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். அதற்குச் சாட்சி, அந்தப் பொடி எழுத்துத் தேதிகள்தான்.

கவனியுங்கள், கோலார் கட்டுரை வந்து சேர்ந்த நாளிலிருந்து அச்சாகும் வரைக்குமே 34 நாள்தான். ஏற்கப்பட்டது அதற்கும் முன்னால். கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அதுவும் அவசர வாசல் வழியாக வந்த கட்டுரைதான். கபனாக் குழுவினருக்கு இது தெரியாதது இல்லை. தேதியை மட்டும் வைத்து அவர்கள் யாரையும் தண்டிக்கவில்லை, சிதைந்த சொற்கள், பொருந்தாத படங்கள், இல்லாத ஆதாரங்கள் என்று பலதையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள், வல்லுநர்கள் திரும்பப் படிக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். பிரச்சினை அதைப் பின்பற்றி வந்தவர்களிடம் இருக்கிறது. சிதைந்த சொல்லைத் தானாகவே தேடும் சல்லடை ஒன்று கிடைத்துவிட்டது. சல்லடையில் விழுந்தாலே போலிக் கட்டுரை, கட்டுரைத் தொழிற்சாலையில் காசு கொடுத்து வாங்கியது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். என் எதிரில் உட்கார்ந்திருந்தவர் ரெண்டு சீசன் மலை ஏறியவர். அவர் கட்டுரையும் அதே சல்லடையில் விழும்.

நம்மூர் ஆட்கள் இதழ்களை எண்ணி எழுதும் கட்டுரைகளிலோ இந்தப் படிக்கும் வேலை ஆரம்பத்திலேயே இருப்பதில்லை. நூலக அறிவியல் துறைகளில் வருஷா வருஷம் இவை வருகின்றன. ஒரு கணினி இதழை எடுத்துக்கொள்வது, பத்து வருஷத்துக்கு அட்டவணை போடுவது. எந்த வருஷம் எத்தனை கட்டுரை, ஒருவர் எழுதியது எத்தனை, நாலு பேர் சேர்ந்தது எத்தனை, எந்த நாடு, ஒரு கட்டுரைக்குச் சராசரி எத்தனை மேற்கோள், லோட்கா விதி பொருந்துகிறதா. கடைசியில் 'கூட்டு ஆய்வு அதிகரித்து வருகிறது' என்று முடியும். நானும் இதுபோல நிறையப் படித்துவிட்டேன். எந்தக் கட்டுரை எதைக் கண்டுபிடித்தது, அதை யார் எதற்காக எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு வரி இருக்காது.

அந்த லோட்கா விதியையே எடுத்துக்கொள்வோம். 1926-இல் ஆல்ஃபிரட் லோட்கா சொன்னது: ஒரே ஒரு கட்டுரை எழுதியவர்கள் நூறு பேர் என்றால், ரெண்டு எழுதியவர்கள் ஏறக்குறைய இருபத்தைந்து பேர், மூன்று எழுதியவர்கள் பதினொரு பேர், இப்படிக் குறைந்துகொண்டே போகும். இதைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் ஆள் யார் என்று தெரிய வேண்டும். மேல்நாட்டில் குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு இனிஷியல். எஸ். செந்தில்குமார் என்ற ஒருவர் ஒரு தளத்தில் 'குமார், எஸ்.' ஆவார், இன்னொன்றில் 'செந்தில்குமார், எஸ்.', மூன்றாவதில் அவருடைய அப்பா பெயரே ஆசிரியராகிவிடும். எதிர்ப்பக்கம், 'குமார், எஸ்.' என்ற ஒரே வரிக்குள் சுரேஷ், சதீஷ், செந்தில், சிவ என்று தமிழ்நாட்டின் பாதிப் பொறியியல் கல்லூரி அடங்கிவிடும். அப்புறம் அட்டவணையில் 'மிக அதிகம் எழுதிய ஆசிரியர்' என்று முதலிடத்தில் நிற்பவர் யார்? அப்படி ஒருவர் இல்லவே இல்லை. 2012-இல் இருந்து ஆர்கிட் எண் இருக்கிறது, ஆளுக்கு ஒரு எண். ஆனால் பத்து வருஷப் பழைய கட்டுரைகளுக்கு அது உதவாது. இந்தச் சிக்கலை ஒரு அடிக்குறிப்பில்கூடச் சொல்லாமல் 'விதி பொருந்துகிறது' என்று எழுதும் கட்டுரைகளை எப்படி எடுத்துக்கொள்வது?

நூலகத்தில் எண்ணுவதையே நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நூலகக் காரியங்களைக் கணித முறையில் அளக்க வேண்டும் என்று 1948-இல் 'லைப்ரமெட்ரி' என்ற சொல்லை முன்வைத்தவரே சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஆனால் அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே. யார் எடுத்துப் படிக்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு முதலில் வந்தது. கணக்கு அதற்குப் பின்னால் வந்தது.

கணினித் துறைக்கு இன்னொரு தனிச் சங்கடமும் உண்டு. அத்துறையின் பெரிய கட்டுரைகள் பலவும் இதழில் வருவதே இல்லை, மாநாட்டில் வருகின்றன. இன்றைக்குப் பேசும் மொழி மாதிரிகளுக்கெல்லாம் அடிப்படையான 'டிரான்ஸ்ஃபார்மர்' கட்டுரை 2017-இல் நியூரிப்ஸ் மாநாட்டில் வந்தது. இதழ்களை மட்டும் எண்ணிவிட்டு 'கணினி ஆய்வின் போக்கு' என்று தலைப்பு வைப்பது, போடி ஏல மையத்துக்கு வந்த மூட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு மலையில் என்ன விளைந்தது என்று சொல்வது மாதிரிதான்.

மேற்கோளுக்கு வருகிறேன். இங்கே என் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு இதழின் சிறப்பிதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். எந்த இதழ் என்பது இப்போது முக்கியமில்லை. மதிப்பீடு வந்தது: சிறு திருத்தங்களோடு ஏற்கலாம், அதோடு 'பின்வரும் தொடர்புடைய ஆய்வுகளைச் சேர்த்தால் கட்டுரை வலுப்பெறும்' என்று ஏழு கட்டுரைகளின் பட்டியல். ரெண்டின் சுருக்கத்தை மட்டும் படித்தேன். எனக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏழையும் சேர்த்துவிட்டேன். எங்கே சேர்த்தேன் தெரியுமா? முன்னுரையின் ரெண்டாவது வாக்கியத்தில், 'அண்மைக் காலத்தில் இத்துறை பெரும் கவனம் பெற்றுள்ளது' என்று எழுதி, பக்கத்தில் [4–10] என்று ஒரே அடைப்புக்குறி. கட்டுரை வந்தது. பதவி உயர்வுக்கான புள்ளிக் கணக்கில் அதையும் காட்டினேன். ரொம்பக் காலம் கழித்துத்தான் கவனித்தேன்: அந்த ஏழுமே அதற்கு முந்தைய ரெண்டு வருஷத்துக்குள் வந்தவை. இதழின் தாக்கக் காரணி என்பது, போன ரெண்டு வருஷக் கட்டுரைகளுக்கு இந்த வருஷம் கிடைத்த மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. மூன்று வருஷம் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டினால் அந்தக் கணக்கில் சேராது. பட்டியல் போட்டவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஏலக்காய்க்காரர்களுக்கு இது புதுசில்லை. இதற்கு எங்கள் பக்கம் 'ரீபூலிங்' என்று பெயர். விவசாயி கொண்டுவந்த காயை வியாபாரி ஏலத்தில் எடுப்பார். எடுத்த காயையே அடுத்த ஏலத்தில் திரும்பவும் பதிந்துவிடுவார். ஒரே மூட்டை ரெண்டு தடவை கணக்கில் ஏறும். வரத்து ஏகப்பட்டதாகத் தெரியும், விலை சரியும், விவசாயி கையைப் பிசைவார். ஸ்பைசஸ் போர்டு இதற்குக் கட்டுப்பாடு வைத்ததும் உண்டு. என்னுடைய ஏழு மேற்கோளும் ரீபூலிங் காய்தான். புதுசாக ஒன்றும் விளையவில்லை, எண்ணிக்கை மட்டும் ஏறியது. ஒரு வித்தியாசம், ஏலக்காயில் வரத்து ஏறினால் விலை இறங்கும், ஆய்விதழில் ஏறுகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை மேலே சொன்ன அதே லாபே 2010-இல் காட்டிவிட்டார். 'சைஜென்' என்று ஒரு நிரல், 2005-இல் எம்ஐடி மாணவர்கள் மூன்று பேர் விளையாட்டாகச் செய்தது. பொத்தானை அமுக்கினால் அர்த்தமே இல்லாத கணினி ஆய்வுக் கட்டுரை ஒன்று வரும். லாபே அதை வைத்து ஐக் அன்ட்காரே என்ற இல்லாத ஆளின் பெயரில் நூறு கட்டுரை உண்டாக்கி, ஒன்றை ஒன்று மேற்கோள் காட்ட வைத்து, இணையத்தில் போட்டுவிட்டார். கூகுள் ஸ்காலர் அவருக்கு ஹெச்-இன்டெக்ஸ் 94 கொடுத்தது. ஐன்ஸ்டைனைத் தாண்டிவிட்டார் அன்ட்காரே.

அப்படியானால் மேற்கோள் என்பதே ஏமாற்றா? அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு எதிர்ச்சாட்சியும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அம்பரப்பர் மலைக்குள் வைப்பதாக இருந்த அந்த இரும்புக் கருவியால் என்னென்ன அளக்க முடியும் என்று ஒரு பெரிய கட்டுரை 2015-இல் ஆர்க்கைவில் வந்தது, 2017-இல் 'பிரமாணா' இதழில் அச்சானது. மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம், புலிகள் வழித்தடம் என்று போய், 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மலை அப்படியே இருக்கிறது. (வேண்டாம் என்று நின்றவர்களில் என் வீட்டாரும் உண்டு, அது வேறு கட்டுரைக்கான விஷயம்.) ஆனால் தோண்டாத அந்தச் சுரங்கத்துக்கான கட்டுரையை உலகத்தில் பலர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை எடுத்து, எந்த வாக்கியத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். 'இந்த அளவு ஆற்றல் துல்லியம் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டோம்' என்று ஒரு வாக்கியம். அந்த மேற்கோளை உருவினால் மேலே கட்டியதெல்லாம் சரிந்துவிடும். என் கட்டுரையில் [4–10]-ஐ உருவினால் ஒரு காற்புள்ளிகூட நகராது. எண்ணிக்கைப் பட்டியலில் ரெண்டும் ஒன்றுதான்.

அதனால்தான் கபனாக் கட்டுரையை மெச்சுகிறேன், அதே காரணத்துக்காகவே அதன் வாரிசுகள் மீது சலிப்பும் வருகிறது. அவர்கள் வாக்கியத்தைப் படித்தார்கள். மேற்கோள்களுக்கும் அதையே யாராவது செய்ய வேண்டும்: ஒரு கணினி இதழின் ஒரே ஒரு சிறப்பிதழை எடுத்து, ஒவ்வொரு மேற்கோளும் தனியாக நிற்கிறதா, கும்பலாக அடைப்புக்குறிக்குள் நிற்கிறதா, முன்னுரையிலா முறையியலிலா என்று கையால் குறிப்பது. முனைவர் பட்டத்துக்கு உகந்த தலைப்பு. யாரும் எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் மென்பொருள் அதைச் செய்து தராது.

திரும்பவும் என் மாணவர். அவர் பயந்த அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று ரெண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். 2018 ஜூலையில் மானியக் குழு கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறை. பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, பத்திலிருந்து நாற்பது முதல் நிலை, நாற்பதிலிருந்து அறுபது ரெண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. 2019-இல் 'சோத்சுத்தி' திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு ஒற்றுமை பார்க்கும் மென்பொருளும் வந்துவிட்டது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே விதிமுறையில் இன்னொரு பகுதி இருக்கிறது: ஒற்றுமை பார்க்கும்போது பொதுவான துறைச் சொற்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து விலக்க வேண்டும், மேற்கோள் பட்டியலையும் விலக்க வேண்டும். மேகக் கணிமையை மூடுபனியாக்கச் சொல்லி அந்த விதி யாரையும் கேட்கவே இல்லை.

"இது எனக்கு யாருமே சொல்லலியே சார்," என்றார். எனக்கும்தான் தெரியாது. நானும் அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தேன்.

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து சொற்களைப் பழையபடி மாற்றினோம். மூடுபனி போய் மேகம் வந்தது. மரக்காடு காடானது. நோட்டிலிருந்த உயரம், மாசம், வெயில் விவரங்களை ஒரு அட்டவணையாக உள்ளே சேர்த்தோம். அது முந்தைய வடிவத்தில் இல்லவே இல்லை. புதன்கிழமை போன் பண்ணினார். ஒன்பது சதவீதம் இருந்தது பதினாலாகிவிட்டதாம்.

"விதிமுறை பக்கத்த பிரிண்ட் எடுத்துட்டுப் போயி கைடுகிட்ட காட்டினியா?"

"காட்டினேன் சார். வாங்கிப் பாத்தாரு. அதெல்லாம் சரிப்பா, ரிப்போர்ட்ல எவ்வளவு வருதுன்னு கேட்டாரு."

சனிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவரச் சொன்னேன்.